அப்பாவின் வருஷ நினைவு: ஒரே வீட்டில் மூன்று சபை, என்ன செய்வது?

பாளை_ஜே

சபைச் சண்டை கிளப்ப வரவில்லை. வீட்டு விஷயமாக யோசனை வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா தவறி வரும் மார்ச்சில் ஒரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 74 வயது, பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). அப்பா எங்கள் சேகரக் (சபை நிர்வாகக்) கமிட்டியில் ரொம்ப காலம் இருந்தவர். என் மனைவி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம். தம்பி நாலு வருஷத்துக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். எங்கள் பக்கம் போதகரை அய்யர் என்போம். அன்றைக்கு அம்மா கேட்டாள்: "அப்போ உன்னைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயி அய்யர் கையில குடுத்தேனே, அது என்னடா? குளிப்பாட்டினதா?" தம்பி வாயைத் திறக்கவில்லை. கேள்வி இன்றுவரை வீட்டுக்குள் அப்படியே கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. என் கல்யாணத்துக்கு ஆர்.சி. பங்கில் ஞானஸ்நானச் சீட்டு கேட்டார்கள். சி.எஸ்.ஐ. சீட்டைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் கிறிஸ்தவன்தான் என்று அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் தம்பியும் ஒரே அய்யர் கையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆர்.சி. ஒத்துக்கொண்டதை என் கூடப்பிறந்தவன் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பிரச்சினை. காலையில் அய்யரை அழைத்துக்கொண்டு எல்லாரும் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்க வேண்டும், சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டமும் சாப்பாடும் என்பது அம்மாவின் ஆசை. மனைவி அவள் கோயிலில் அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசைக் கருத்துக்கு (பூசையில் அவர் பெயரைச் சொல்லி வேண்டுவது) ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாள். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை, கல்லறைப் பக்கம் வரமாட்டேன் என்கிறான் தம்பி. போதாக்குறைக்கு அந்த நாள், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்தின் வெள்ளிக்கிழமை. மனைவி கறி தொடமாட்டாள். அப்பாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறிதான் போட வேண்டும் என்கிறாள் அம்மா. லெந்தே வேதத்தில் இல்லையே என்கிறான் தம்பி.

குடும்ப வாட்ஸப் குழுவில் எங்கள் தாய்மாமா பெந்தெகொஸ்தேகாரர்களைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ போட்டார். தம்பி பதிலுக்கு மாதா வணக்கத்தைத் திட்டும் வீடியோ ஒன்றைப் போட்டான். மாமாவுக்கு விழ வேண்டிய அடி என் மனைவி மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. அதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

எப்படிக் கொண்டுபோவது?

ஜெயக்கொடி77

அண்ணாச்சி, நான் பெந்தெகொஸ்தே. உங்கள் தம்பி பக்கம் பேச இங்கே ஆள் வராது என்பதால் நானே பேசிவிடுகிறேன்.

அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எல்லாரும் சொல்வீர்கள். மனசாட்சிக்கு ஒப்பாத ஜெபத்தில் தலையைக் குனிந்து நிற்பதுதான் பொய். வந்து நின்று நடித்தால் உங்களுக்குச் சந்தோஷமா? வேறொரு சுவிசேஷத்தைப் பற்றிப் பவுல் கலாத்தியருக்கு எவ்வளவு காரமாக எழுதினார் என்று பாருங்கள். எல்லாம் ஒன்றுதான், அனுசரித்துப் போங்கள் என்று அவர் எழுதவில்லை.

இன்னொன்று. 'மறு ஞானஸ்நானம்' என்று எங்களைக் குற்றம் சொல்கிறார்கள். நாங்கள் அதை இரண்டாவது என்று சொல்வதே இல்லை. விசுவாசித்து, அறிக்கை பண்ணி, பிறகு முழுகுவதுதான் எங்களுக்கு ஞானஸ்நானம். அதனால் அதுதான் முதல்.

நான் முழுக்கு எடுத்த வாரம் எங்கள் அப்பா என் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைத்தார். ஊர்க்காரர் ஒருவர், "இனிமே நீ செத்தா நம்ம கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது, ஆத்துலயே போட்டுருவோம்" என்றார். கேலிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. மரியாதை என்று பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

செபமாலை_தூத்துக்குடி

எனக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. நான் ஆர்.சி., புகுந்த வீடு சி.எஸ்.ஐ. 26 வருஷம் ஆகிறது.

முதல் வருஷம் மாமியார் குடும்ப ஜெபத்தில் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னார்கள். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று ஆரம்பித்தேன். எதிரே எல்லாரும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று போய்க்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தப்பான பாட்டைப் பாடிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் மாமியாரே என் திருவிவிலியத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜெபம் மாதிரி இல்ல, பேசுற மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்களுக்குத் 'தேவன்', எனக்குக் 'கடவுள்'. அவர்களுக்குப் 'பரிசுத்த ஆவி', எனக்குத் 'தூய ஆவியார்'. அவர்கள் 'திருவிருந்து' எடுக்கிறார்கள், நான் 'நற்கருணை' வாங்குகிறேன். 1995இல் வந்த அந்தப் பொது மொழிபெயர்ப்பை எல்லாச் சபைக்கும் சேர்த்துத்தான் செய்தார்கள். கடைசியில் எங்கள் கையில்தான் நிலைத்தது. பழையதை விட அவர்களுக்கு மனசு வரவில்லை. அதில் தப்பு என்ன? பாட்டி வாயில் கேட்டு மனப்பாடமான வசனத்தை எந்தக் கமிட்டி மாற்றும்?

ஜே தம்பி, பூசைக் கருத்தை ஒரு பிரச்சினையாகவே எடுக்காதீர்கள். பூசை உங்கள் மனைவியின் கோயிலில் நடக்கும், பெயரை அங்கே வாசிப்பார்கள். அவள் போய்விட்டு வரட்டும். அதற்கு உங்கள் தம்பி ஆமென் சொல்ல வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். முதலில் அவள் குழுவை விட்டுப் போனதைப் பற்றி யாராவது அவளிடம் பேசினீர்களா?

ஓய்வு_வாத்தியார்

வரலாறு எடுத்தவன், நீட்டாமல் இருக்க மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கொஞ்ச வருஷத்தில் வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஒரு பக்கம் லுத்தரன், இன்னொரு பக்கம் சேசு சபை. சண்டை முழுக்கத் தமிழிலேயே நடந்தது. தரங்கம்பாடிக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தாக்கி எழுதினார்கள். முனிவர் 'வேதவிளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று திருப்பி எழுதினார். கண்ணியமான எழுத்து என்று நினைக்காதீர்கள். இன்றைய வாட்ஸப் வீடியோக்களுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தமிழ் மட்டும் நன்றாக இருக்கும்.

வேடிக்கை அதற்குப் பிறகு. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். சுழிக்கொம்பு (ே) அவர் உபயம். அது இல்லாமல் 'இயேசு' என்றோ 'தேவன்' என்றோ எழுத முடியாது. அவர் யாரை மறுத்து மறுத்து எழுதினாரோ, அவர்களின் வாரிசுகள் இன்று அச்சடிக்கும் ஒவ்வொரு வேதாகமத்திலும் அவர் கொம்பு நிற்கிறது.

நம்ம பாளையங்கோட்டைக்கு வருவோம். ரேனியுஸ் என்ற மிஷனரி லுத்தரன் பின்னணியில் வந்தவர், வேலை பார்த்தது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கத்தில். குருப்பட்டம் யார் கொடுப்பது, எந்த முறையில் கொடுப்பது என்பதில் முட்டிக்கொண்டு 1835இல் பிரிந்தார். அவரோடு பல ஊர்கள் பிரிந்தன. 1838இல் அவர் இறந்தார். பிரிந்துபோனவர்கள் பிறகு மெல்ல மெல்லத் திரும்பினார்கள். நாசரேத் பக்கம் 1857இல் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிமாரோடு முரண்பட்டுத் தனிச் சபையே ஆரம்பித்தார். ஓய்வுநாள் சனிக்கிழமை என்றார். 'பிரிந்திருக்கும் இந்தக் காலத்தில்' என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பிரியாமல் இருந்த காலம் எது?

இவ்வளவு சண்டைக்குப் பிறகும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. ஐக்கிய சபை என்பதே பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் 1908இல் ஒன்றானது. 1919இல் தரங்கம்பாடிக் கூட்டத்தில் ஆரம்பித்த பேச்சு, முடிய 28 வருஷம் பிடித்தது. அதற்காக உழைத்த வேதநாயகம் அசரியா நம்ம வெள்ளாளன்விளைக்காரர், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். 1945இல் இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். பேராயர் கையில் பட்டம் வாங்காத போதகர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களை மறுபடி பட்டம் வாங்கச் சொன்னால், அதுவரை அவர்கள் கொடுத்த திருவிருந்தெல்லாம் வெறும் ரொட்டி என்று ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை. இருப்பவர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும், இனிப் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பார், 30 வருஷம் கழித்து மிச்சத்தை யோசிப்போம் என்றார்கள். எந்தச் சபை மேலும் அதன் மனசாட்சி ஒப்பாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்கள். யார் சரி என்று தீர்ப்பு எழுதிவிட்டுச் சேரவில்லை, தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டுச் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. 1948இல் ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாட்டில் முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை. நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் சேராமல் வெளியே நின்றன. லுத்தரன்கள் இன்றுவரை தனி. அதற்காக உலகம் இடிந்துவிடவில்லை.

தம்பி ஜெயக்கொடிக்கு: சபைகள் கூடி 1982இல் லீமாவில் ஒரு அறிக்கை போட்டன. ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத ஒன்று என்று அதில் இருக்கிறது. இதை உங்களுக்கு எதிராகத் தூக்கிக் காட்டுவார்கள். அதே அறிக்கை, குழந்தைகளுக்கு வகைதொகை இல்லாமல் கொடுத்துவிட்டுப் பிறகு கண்டுகொள்ளாமல் விடாதீர்கள் என்று எங்களுக்கும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை எங்கள் ஆட்கள் வாசிப்பதில்லை.

கல்லுப்பட்டி_மாறன்

வாத்தியார் ஐயா, 1947 எல்லாம் மேடைக்கு அழகு. ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம், ஒரே அய்யர் என்று இருக்கும் ஊரிலேயே கல்லறையில் சாதிக்கொரு வரிசை இருக்கிறது. அதை விட்டுவிட்டு மெழுகுவர்த்தி வைக்கலாமா கூடாதா என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. என் தாத்தா சபை மாறியதற்கு உபதேசம் காரணம் இல்லை. புதிய சபையில் பாயில் சேர்ந்து உட்காரவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு_வாத்தியார்

மாறன் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அது கருத்து வேறுபாட்டுக் கணக்கில் வராது. அதை மதித்து நடக்கச் சொல்வதும் தப்பு.

குருசடி

மாமா பேசுவது தேர்தல் வருகிற தைரியத்தில்தான். எந்தக் கட்சிக்கு எந்தச் சபை ஓட்டு என்று

நெறியாளர்

குருசடியின் பதிவில் மீதியும் அதற்கு வந்த ஆறு பதில்களும் நீக்கப்பட்டன. கட்சிப் பேச்சுக்கு வேறு இழை இருக்கிறது.

சேனைக்காரன்_நாகர்கோவில்

எல்லாரும் தெளிப்பா முழுக்கா என்று அடித்துக்கொள்கிறீர்கள். நான் இரட்சணிய சேனை. எங்களுக்கு ஞானஸ்நானமே கிடையாது. திருவிருந்தும் கிடையாது. சடங்கில்லாமலும் கிருபை வரும் என்பது எங்கள் எண்ணம். உங்கள் கணக்குப்படி நான் யார்?

எங்கள் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளையிடம் யாரும் சபை கேட்பதில்லை. என் மனைவியின் அண்ணன் பெந்தெகொஸ்தே பாஸ்டர். வருஷத்துக்கு ஒரு தடவை, "மச்சான், தண்ணியில இறங்கிட்டா என்ன?" என்று கேட்பார். "வேண்டாம் மச்சான், சளி பிடிக்கும்" என்பேன். 19 வருஷமாக இதே கேள்வி, இதே பதில். அவர் என்னை நரகத்துக்கு அனுப்ப ஆசைப்பட்டுக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கோபம் வருவதில்லை. கேட்பதை அவர் நிறுத்திவிட்டால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஜெயக்கொடி77

சேனைக்கார அண்ணன், சளி பதிலுக்குச் சிரித்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் இறங்கத்தான் வேண்டும் :)

பந்தல்_அக்கா

எனக்கு வேதவியாக்கியானம் எல்லாம் தெரியாது. எங்கள் குடும்பத் தொழில் பந்தல், நாற்காலி வாடகை. எல்லாச் சபை விசேஷமும் பார்த்தாச்சு. துக்க வீட்டில் சண்டை வருவது எப்போதும் ஜெப நேரத்தில்தான். வேலை நேரத்தில் வந்ததே இல்லை.

அதனால் ஜே தம்பி, உங்கள் தம்பியை ஜெபத்துக்குக் கூப்பிடாதீர்கள். வேலைக்குக் கூப்பிடுங்கள். கல்லறையில் ஒரு வருஷப் புல் மண்டியிருக்கும், வெள்ளை அடிக்க வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், வண்டி பேச வேண்டும். அவருக்கும் அப்பாதானே? அதைச் செய்யக் கூடாது என்று எந்தப் பாஸ்டரும் சொல்ல மாட்டார்.

உபதேசியார்_பேரன்

சாப்பாட்டு விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. ரோமர் 14ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் பேசுவதே கறியும் காயும்தான்! "ஒருவன் எந்தப் பதார்த்தத்தையும் புசிக்கலாமென்று நம்புகிறான், பலவீனனோ மரக்கறிகளை மாத்திரம் புசிக்கிறான்." அடுத்தது நாள் பற்றிய சண்டை. ஒருவனுக்கு ஒரு நாள் விசேஷம், இன்னொருவனுக்கு எல்லா நாளும் சரி. உங்கள் வீட்டு லெந்து வெள்ளிதான், அப்படியே இருக்கிறது.

அதில் பவுல் எந்தப் பக்கம் என்று ஒளிக்கவில்லை. எதையும் சாப்பிடலாம் என்பதுதான் அவர் கட்சி. இருந்தும் மற்றவனை மாறச் சொல்லவில்லை. "அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார். நிச்சயம் வேண்டாம், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவில்லை பாருங்கள். ஜெயக்கொடி கேட்கும் உறுதி அதில் இருக்கிறது. அதே மூச்சில் "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்றும் இருக்கிறது. எங்கள் தாத்தா இந்த இரண்டையும் சேர்த்தே வாசிப்பார். ஒன்றை மட்டும் வாசித்தால் அடிப்பார் :)

கறியை விடுங்கள். திருநெல்வேலியில் இருந்துகொண்டு காய்கறிச் சாப்பாட்டுக்கு யாராவது கவலைப்படுவார்களா? தேங்காய்ப்பால் சொதி போடுங்கள். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். ஆட்டுக்கறியை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜெயக்கொடி77

வசனத்துக்கு எதிராக நான் எப்படிப் பேசுவது. ஆனால் பவுல் அங்கே சாப்பாட்டைத்தான் சொல்கிறார், ஞானஸ்நானத்தைச் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். பந்தல் அக்கா சொன்னது சரி. என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன். யாரும் கூப்பிடவில்லை.

பாளை_ஜே

எல்லாருக்கும் நன்றி. நேற்று முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செபமாலை அக்கா கேட்டது சுருக்கென்றது. யாரும் அவளிடம் பேசியிருக்கவில்லை, நான் உள்பட. அன்று ராத்திரியே பேசினேன். "நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றாள். உண்மை.

தம்பியிடம் கல்லறைக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எப்போது ஜெபம், யார் அய்யர் என்று எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமையே போய்விட்டான். ஆள் வைக்கவில்லை, அவனே சுண்ணாம்பு கரைத்து அடித்திருக்கிறான். கல்வெட்டில் அப்பா பெயரில் ஒரு புள்ளி உதிர்ந்திருந்ததாம், கறுப்புப் பெயின்ட் வாங்கி அதையும் வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை ஜெபத்துக்கு வரவில்லை. அம்மா மெழுகுவர்த்தி ஏற்றும்போது கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "கை நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். மனைவி பூசை முடித்து நேரே அங்கே வந்து சேர்ந்தாள்.

சாயங்காலக் கூட்டத்துக்குத் தம்பி வந்தான். மரித்தவருக்காக ஜெபம் வரும் என்று அவன் பயந்த இடத்தில் அய்யர் அப்பாவின் வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம் மட்டும் சொன்னார். முன்கூட்டியே அவரிடம் பேசியிருந்தேன். "எங்க முறையிலயும் ஸ்தோத்திரம்தானேப்பா" என்றார், லேசாகச் சிரித்துக்கொண்டு. சங்கீதம் 23ஐத் தம்பி வாசித்தான், பழைய மொழிபெயர்ப்பில். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடையதை வாய்க்குள் சொன்னாள். எங்கள் மகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "மேய்ப்பரா, ஆயராப்பா?" என்றாள். அம்மாதான் "ரெண்டும் ஆடு மேய்க்கிறவர்தான், பேசாம இரு" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மாமா வரவில்லை. மனைவி இன்னும் குழுவில் திரும்பச் சேரவில்லை. தம்பி கிளம்பும்போது அம்மா அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள்: "அய்யர் கையில குடுத்தேனே, அது என்னடா?" இந்தத் தடவை அவன் பதில் சொன்னான். "நீ என்னைக் கொண்டுபோய்க் குடுத்தது நிஜம்மா. நான் போனது அதுக்கு அப்புறம்." அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு டப்பா சொதி கட்டிக் கொடுத்தாள்.

செபமாலை_தூத்துக்குடி

சொதி யார் வைத்தது? எத்தனை பேருக்கு?

பாளை_ஜே

சமையல் தவசிப்பிள்ளைதான் அக்கா. நாற்பது பேருக்குப் பன்னிரண்டு தேங்காய் வாங்கச் சொன்னார். மூன்றாம் பாலில் காய் வேக வைத்து, முதல் பாலை இறக்கும்போதுதான் ஊற்றினார். பச்சடிக்கு இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு.